பி.சி.ஜி. ஊசி ‘ஸ்டாக் இல்லை’ என்றால்... பதறவும் வேண்டாம், சும்மா இருக்கவும் வேண்டாம்!

உங்கள் குழந்தையின் இடது கையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். தோளுக்குக் கீழே மிளகு அளவில் ஒரு தழும்பு இருக்கும். பிறந்த கையோடு போட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. உங்கள் கையிலும் இருக்கலாம். தினமும் பார்க்கிறோம், ஆனால் அது எதற்காக வந்தது என்று யோசிப்பதில்லை.

என்றைக்காவது ஆஸ்பத்திரியில், “பி.சி.ஜி. ஸ்டாக் இல்லைம்மா, அப்புறம் வாங்க” என்று சொல்லும்போதுதான் பயம் பிடித்துக்கொள்கிறது. அப்படித் திரும்பி வரும் தாய்மார்களில் சிலர், வேங்கிக்காலில் என்னைப் போன்ற சித்த மருத்துவரிடம் வந்து கேட்கிறார்கள்: “டாக்டர், அந்த ஊசிக்குப் பதிலா சித்தாவுல ஏதாவது சூரணமோ சொட்டு மருந்தோ இருக்குதா?”

நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. சித்த மருத்துவம் படித்தவன் என்ற முறையிலேயே சொல்கிறேன், பி.சி.ஜி. ஊசிக்கு மாற்றாக எங்களிடம் எதுவும் கிடையாது. உரை மருந்து கொடுக்கிறோம், சேய்நெய் கொடுக்கிறோம் என்பதற்காக ஊசியைத் தள்ளிப் போட வேண்டாம். அது வேறு, இது வேறு.

இந்த ஊசி என்ன செய்கிறது?

பிரான்ஸ் நாட்டில் கால்மெட், குவெரின் என்று இரண்டு பேர். மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியை எடுத்து, 13 வருஷம் விடாமல் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். கடைசியில் அந்தக் கிருமி நோய் உண்டாக்கும் வீரியத்தை இழந்தது. ஆனால் உயிரோடு இருந்தது. 1921-ல் பாரிஸில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அதைக் கொடுத்தார்கள். அந்த இருவரின் பெயரையும் சேர்த்துத்தான் பி.சி.ஜி. என்கிறோம்.

நம் நாட்டில் 1948-ல் இது தொடங்கியது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி, ஆரம்ப இடங்களில் ஒன்று. அதே 1948-ல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் அரசு ஆய்வுக்கூடமும் வந்தது.

எல்லோரும் கை தட்டி வரவேற்கவில்லை. ராஜாஜி 1955-ல் இந்த ஊசியை எதிர்த்து ஒரு சிறு புத்தகமே வெளியிட்டார். பிறகு 1968-ல் தொடங்கி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மிகப் பெரிய பரிசோதனை ஒன்றை நடத்தியது. 1979-ல் வந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை இந்த ஊசி தடுக்கவில்லை!

“அப்படின்னா எதுக்கு டாக்டர் இந்த ஊசி?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. பச்சைக் குழந்தைக்கு வந்தால் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கத் தினை தெளித்த மாதிரி பரவும். அல்லது மூளை உறைக்குப் போய் மூளைக் காய்ச்சலாக மாறும். உயிர் பிழைத்தாலும் பார்வை போகலாம், காது கேட்காமல் போகலாம், கை கால் விளங்காமல் போகலாம். இந்த இரண்டு கொடிய வகைகளையும் பி.சி.ஜி. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தடுக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. அதற்காகத்தான் ஊசி. அதனால்தான் பிறந்தவுடனே ஊசி.

ஊசி ஏன் தட்டுப்படுகிறது?

2008 ஜனவரியில் ஒரு சம்பவம். கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம், குன்னூர் பாஸ்டர் நிலையம், இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலியில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் தடுப்பூசி உரிமத்தையும் மத்திய அரசு ஒரே நேரத்தில் நிறுத்தி வைத்தது. தரமான உற்பத்திக்கு உரிய விதிகளின்படி கட்டடமும் முறைகளும் இல்லை என்பது காரணம். அறுபது வருஷமாக நாட்டுக்கே பி.சி.ஜி. கொடுத்த கிண்டியில் உற்பத்தி நின்றது. மாநிலங்களில் தடுப்பூசித் தட்டுப்பாடு என்று செய்தி வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைத்ததை விலக்கிக்கொண்டார்கள். ஆனாலும் புதிய கட்டடம், புதிய கருவிகள் என்று ஆண்டுகள் ஓடின.

தர விதி என்பது வெறும் காகித விஷயமா? இல்லவே இல்லை. 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் பி.சி.ஜி. மருந்தோடு வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. 72 பச்சைக் குழந்தைகள் செத்துப்போனார்கள். ஆகவே விதி வேண்டும். ஆனால் பழைய சமையலறையை இடிப்பதற்கு முன்னால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி பார்க்க வேண்டாமா? மூன்று நிலையங்களையும் ஒன்றாக மூடியபோது விட்டுப்போனது அதுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாதாரணக் குடல் கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகப் பெருகும். பி.சி.ஜி. கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். வளர்க்கவே வாரக்கணக்கில் ஆகும். அதன் பிறகு பரிசோதனைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். வேறு மருந்து செய்யும் இடத்தில் இதைச் செய்யவும் முடியாது, தனிக் கட்டடம் வேண்டும். விலையோ மிகக் குறைவு. அதனால் உலகத்திலேயே தயாரிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருவர் படுத்துவிட்டால் அடுத்தவர் உடனே கூடுதலாகக் கொடுக்க முடிவதில்லை. 2013 முதல் 2015 வரை உலக அளவிலேயே தட்டுப்பாடு வந்ததும் இப்படித்தான். டென்மார்க் நிறுவனத்தில் உற்பத்தி தடைப்பட்டதும் ஐரோப்பாவிலேயே குழந்தைகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டு வகையான ‘இல்லை’

ஆஸ்பத்திரியில் ‘இல்லை’ என்றால் அது எந்த ‘இல்லை’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பி.சி.ஜி. பொடியாக, வெளிச்சம் படாத பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் வரும். உப்பு நீர் கலந்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீந்ததைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஒரு குப்பியில் பத்து இருபது குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். சின்ன நர்சிங் ஹோமில் அன்று ஒரே ஒரு குழந்தை பிறந்திருந்தால், “நாலு குழந்தை சேரட்டும்” என்று தள்ளிப் போடுவதுண்டு. மருந்து ஃப்ரிட்ஜில் இருக்கும், குப்பியைத் திறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவுதான். இதில் பாதி வீணாகும் என்று கணக்குப் போட்டுத்தான் அரசே அனுப்புகிறது. ஆகவே கூச்சப்படாமல், “எந்தக் கிழமை திறப்பீங்க சிஸ்டர்?” என்று கேளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள்.

உண்மையாகவே ஸ்டாக் இல்லை என்றால் இப்படிச் செய்யுங்கள்:

* பதற வேண்டாம். பிறந்தவுடன் போடுவது நல்லது. முடியாவிட்டால் ஒரு வயது முடிவதற்குள் எப்போது கிடைத்தாலும் போடலாம். ‘ஒரு வருஷம் இருக்கே’ என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள். மருந்து வந்த முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும்.

* தடுப்பூசி அட்டையில் ‘பி.சி.ஜி. போடவில்லை’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவம் முடிந்து தாய் வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் மாறிப் போகும்போதுதான் ஊசி விட்டுப்போகிறது. ‘அங்கே போட்டிருப்பாங்க’ என்று இவர்களும், ‘இங்கே போட்டிருப்பாங்க’ என்று அவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள்.

* பிரசவம் தனியாரில் நடந்திருந்தாலும் ஊசிக்கு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகலாம். இலவசம். விவரம் தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேளுங்கள்.

* பி.சி.ஜி. இல்லை என்பதற்காக மற்ற ஊசிகளை நிறுத்தாதீர்கள். போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி எல்லாம் அந்தந்த நாளில் நடக்கட்டும். பிறகு பி.சி.ஜி. கிடைக்கும்போது மற்ற ஊசிகளோடு ஒரே நாளில், வேறு இடத்தில் போடலாம்.

* தெரிந்தவர் மூலம் வெளியூரில் மருந்து வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்து வராதீர்கள். குளிர் விட்டுப்போன, வெயில் பட்ட மருந்தைப் போடுவதும் போடாததும் ஒன்றுதான்.

* ஊசி போடும் வரை, இருமல் உள்ள யாரும் குழந்தையைத் தூக்க வேண்டாம். மாமியாராக இருந்தாலும் சரி, மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

ஊசிப் புண்ணில் கை வைக்காதீர்கள்

ஊசி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் அந்த இடத்தில் சின்னக் கட்டி எழும்பும். பிறகு உடைந்து லேசாகச் சீழ் வரும். இரண்டு மூன்று மாதத்தில் ஆறித் தழும்பாகும். இது நடக்க வேண்டியது, நல்லதும் கூட. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் பயந்துபோய் மஞ்சள் பூசுவார்கள், விளக்கெண்ணெய் தடவுவார்கள், வெந்நீர் ஒற்றடம் கொடுப்பார்கள். எதுவுமே வேண்டாம். சுத்தமான தண்ணீர் பட்டால் போதும். அக்குளில் நெறி கட்டிப் பெரிதாக வீங்கினாலோ, மூன்று மாதமாகியும் ஆறாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

தாத்தாவின் இருமல்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஊசி போட்டாச்சு, கவலை விட்டது என்று நினைக்காதீர்கள். ஊசி ஒரு வேலி. வேலிக்குள்ளேயே ஆள் இருந்தால்?

“கிரிவலக் கூட்டத்துல குழந்தையைத் தூக்கிட்டுப் போனா டி.பி. ஒட்டிக்குமா?” என்று எங்கள் ஊரில் அடிக்கடி கேட்பார்கள். திறந்த சாலையில், காற்று வீசும் இடத்தில், பக்கத்தில் ஒருவர் நடந்து போவதால் ஆபத்து மிகக் குறைவு. காசநோய்க்குப் பிடித்த இடம் ஜன்னல் சாத்திய படுக்கையறை. நோயுள்ள பெரியவர் இருமும்போது கிருமி காற்றில் மிதந்து மணிக்கணக்கில் நிற்கும். அந்த அறையில் இரவெல்லாம் தூங்கும் குழந்தை அதையே சுவாசிக்கிறது. குழந்தைக்குக் காசநோய் வந்தால் அது கொடுத்தது பெரும்பாலும் அடிக்கடி மடியில் வைத்துக் கொஞ்சும் யாரோ ஒருவராகத்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். பதினான்கு மாதக் குழந்தை, மூன்று மாதமாக எடை ஏறவில்லை. “பசியே எடுக்கல, ஏதாவது லேகியம் கொடுங்க” என்று வந்தார்கள். “வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா?” என்றேன். மருமகள் தலையைக் குனிந்தார். மாமியார் முந்திக்கொண்டு, “அவருக்கு அது பழைய பீடி இருமல்தான் டாக்டர்” என்றார். ஐந்து மாத இருமல். குழந்தை தாத்தாவோடுதான் தூங்கும். ஏன் பரிசோதனை செய்யவில்லை? “சின்னப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறோம். டி.பி.ன்னு வெளிய தெரிஞ்சா யார் வருவாங்க?”

பெரியவரைப் பார்த்து, “ஐயா, பேரனுக்காக ஒரு தடவை சளியைப் பரிசோதனைக்குக் கொடுங்க” என்றேன். மறு பேச்சுப் பேசவில்லை, கொடுத்தார். காசநோய்தான். குழந்தையை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். நல்லவேளை, குழந்தைக்கு நோய் முற்றவில்லை என்று பரிசோதனையில் தெரிந்து தடுப்பு மாத்திரையோடு தப்பித்தது. பெரியவரும் மருந்து முடித்துத் தேறினார். கல்யாணமும் நடந்தது!

மறைப்பதால் மானம் காப்பாற்றப்படுவதில்லை. குழந்தைதான் விலை கொடுக்கிறது. ஊசியும் தடுப்பு மாத்திரையும் இல்லாத காலத்துக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வயதுக்குள் கிருமி புகுந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நோயாளி ஆனார்கள். ஐந்து முதல் பத்து வயதுக்குள் என்றால் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். சிசுவுக்கும் சிறுவனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

யாருக்கும் தெரியாத இரண்டாவது வேலி

பி.சி.ஜி. பற்றி எல்லோருக்கும் தெரியும். தடுப்பு மாத்திரை பற்றிப் படித்தவர்களுக்கே தெரிவதில்லை.

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் என்று தெரிந்தால், அந்த வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை உடனே பரிசோதிக்க வேண்டும். ஏற்கெனவே நோய் இருந்தால் முழு சிகிச்சை. நோய் இல்லை என்றால், எடைக்கு ஏற்ற அளவில் ஐசோனியசிட் மாத்திரை தினமும், ஆறு மாதம். பி.சி.ஜி. போட்ட குழந்தைக்கும் இது உண்டு. 2021-ல் வந்த விதிகளின்படி வீட்டில் உள்ள மற்ற வயதினருக்கும் தடுப்பு மருந்து உண்டு. அரசு மருத்துவமனையில் பைசா செலவில்லை. ஊசித் தட்டுப்பாடு வரும் காலத்தில் இந்த வேலி இரண்டு மடங்கு முக்கியம்.

குழந்தையிடம் கவனிக்க வேண்டியவை: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் அல்லது காய்ச்சல், எடை குறைவது அல்லது ஏறாமல் நிற்பது, கழுத்தில் வலியில்லாத நெறி, ஓடியாடிய குழந்தை சோர்ந்து கிடப்பது. குழந்தைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, கிருமியும் குறைவாக இருக்கும். அதனால் ஒரே பரிசோதனையில் பிடிபடாது. எக்ஸ்ரே, தோல் பரிசோதனை, சில சமயம் வயிற்றிலிருந்து எடுக்கும் நீர் என்று டாக்டர் கேட்பார். அலுத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சலோடு விடாத வாந்தி, தலை நிற்காமை, வலிப்பு, மயக்கம் என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி!

சித்த மருத்துவம் எங்கே உதவும்?

எங்கள் நூல்கள் இந்த நோயை என்புருக்கி, கயம் என்று சொல்கின்றன. எலும்பையே உருக்கும் நோய் என்று பெயர் வைத்தவர்களுக்கு அதன் கொடுமை தெரிந்திருக்கிறது. ஆனால் கிருமியைக் கொல்லும் கூட்டு மருந்து இன்று கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டுக் கஷாயத்தை நம்புவது அறிவுடைமை ஆகாது.

ஆடாதோடை இருமலுக்கு அருமையான மூலிகை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஒட்டித்தான் ப்ரோம்ஹெக்சின் என்ற ஆங்கில மருந்தே பிறந்தது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஆடாதோடை சாப்பிட்டால் இருமல் அடங்கும், கிருமி அடங்காது. ‘குறைஞ்சிடுச்சு’ என்று நினைத்துக்கொண்டே இரண்டு மாதம் வீட்டில் எல்லோருக்கும் நோயைக் கொடுப்பார்கள். ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளிப் பரிசோதனை. பிறகுதான் ஆடாதோடை.

டி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பற்பம், செந்தூரம் எதையும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. அந்த மாத்திரைகள் கல்லீரலுக்கு வேலை கொடுப்பவை. கூடுதல் சுமை ஏற்ற வேண்டாம்.

உணவே பாதி மருந்து

இதில் சித்தர்கள் சொன்னதும் இன்றைய ஆராய்ச்சியும் ஒன்றாக நிற்கின்றன. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை, காசநோயாளிகளின் வீட்டில் உள்ள 10,345 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. சின்னக் குழந்தைகளுக்கு அதில் பாதி. 2023-ல் வெளிவந்த முடிவு: உணவு வாங்கிய வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது!

நம் வீட்டில் பருப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் குழந்தை பிஸ்கட்டிலும் பாலிலுமே வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு பருப்புக் குழைத்த சாதம், கேழ்வரகுக் கூழ், முட்டை, வேக வைத்து மசித்த பச்சைப்பயறு. கடலை விளையும் மாவட்டம் நம்முடையது, பொடித்த வேர்க்கடலையும் சேர்க்கலாம். முழுக் கடலை மட்டும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வையுங்கள். நோயாளிக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். வசதி இருக்கிறதே என்று பதிவு செய்யாமல் இருக்காதீர்கள். பதிவு செய்தால்தான் வீட்டுக் குழந்தைகளுக்குப் பரிசோதனையும் மாத்திரையும் தானாக வந்து சேரும்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

தழும்பே வரவில்லை, மறுபடி ஊசி போடலாமா?
வேண்டாம். தழும்பு வராவிட்டாலும் மறு ஊசி தேவையில்லை.

ஒரு வயது தாண்டிவிட்டது. இனி என்ன செய்வது?
அரசுத் திட்டத்தில் ஒரு வயதுக்குள்தான். குழந்தை நல மருத்துவரிடம் காட்டி அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

எந்தக் குழந்தைக்குப் போடக் கூடாது?
இது உயிருள்ள கிருமி. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த குழந்தைகளுக்குக் கூடாது. தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தாலோ, குடும்பத்தில் குழந்தைகள் அடிக்கடி நோய்த் தொற்றால் இறந்திருந்தாலோ முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

தாய்க்கே டி.பி. என்றால் பால் கொடுக்கலாமா?
கொடுக்கலாம். பாலில் நோய் பரவாது. தாய் முகக்கவசம் கட்டிக்கொண்டு, மருந்தைத் தவறாமல் சாப்பிட வேண்டும். குழந்தைக்கு என்ன மருந்து, எப்போது ஊசி என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

தாய்மார்களே, இன்று ராத்திரி குழந்தையைத் தூங்க வைத்த பிறகு இரண்டு காரியம் செய்யுங்கள். தடுப்பூசி அட்டையை எடுத்து முதல் வரியைப் பாருங்கள். அப்புறம், வீட்டில் யார் எத்தனை நாளாக இருமுகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். பதினைந்தைத் தாண்டினால் நாளைக் காலையிலேயே அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.